பார்த்தலும் காணலும்: ஆங்கிலப் பார்வை வினைகளின் பொருள் வேறுபாடுகள் – விருத்தாசலம் பீங்கான் தொழிற்சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கண்ணின் செயலைக் குறிக்கும் 'சீ', 'லுக்', 'வாட்ச்' ஆகிய மூன்று ஆங்கில வினைகளுக்கும் 'பார்' என்னும் ஒரே தமிழ்ச்சொல்லை நிகராகக் கொள்ளும் வழக்கம் தமிழ்வழி மாணவரிடையே பரவலாக உள்ளது. இவ்வழக்கத்தால் பொருள் எங்கெங்கு மயங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முயற்சி, விளைவு, நீட்சி ஆகிய மூன்று கூறுகளைக் கொண்டு அவ்வினைகள் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழும் இவ்வேறுபாடுகளை அறிந்ததே. ஆனால் அவற்றைக் காண், தெரி, நோக்கு முதலிய வினைகளாலும் துணைவினைகளாலும் வினையெச்சங்களாலும் உணர்த்துகிறது என்பது கட்டுரையின் மையக் கருத்து. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் சூளைப் பணியிலிருந்து எடுத்துக்காட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பார்வை வினைகள், காண், பார், நோக்கு, தெரி, துணைவினை, விருத்தாசலம், பீங்கான் சூளை.

முன்னுரை

ஒரு மொழியில் ஒரு சொல்லாக நிற்பது மற்றொரு மொழியில் மூன்றாகப் பிரிந்து நிற்பது மொழிக்கல்வியில் புதிதன்று. தமிழர் ஆங்கிலம் கற்கும்போது இவ்வகைச் சிக்கல் தோன்றும் இடங்களுள் பார்வை வினைகள் முக்கியமானவை. 'படம் பார்த்தேன்', 'பலகையைப் பார்', 'குழந்தையைப் பார்த்துக்கொண்டிரு' என்னும் மூன்று தொடர்களிலும் தமிழில் 'பார்' என்பதே வருகிறது. ஆங்கிலத்திலோ அவை முறையே 'சீ', 'லுக் அட்', 'வாட்ச்' என்னும் வெவ்வேறு வினைகளை வேண்டுகின்றன. அகராதியில் மூன்றுக்கும் எதிரே 'பார்' என்றிருப்பதை மனப்பாடம் செய்த மாணவர், எங்கு எதனை இடுவது என்று தெளியாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கின்றனர்.

தேர்வுத்தாளில் இப்பிழையால் ஒரு மதிப்பெண் குறையலாம். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் செய்யவேண்டிய தொழிலில் அதன் விளைவு பெரிது. 'லுக்' என்றால் ஒருமுறை கண்ணைத் திருப்பினால் போதும். 'வாட்ச்' என்றால் கண்ணை எடுக்காமல் இருக்கவேண்டும். இவ்விரண்டும் மாறிப்போனால் ஒரு சூளைச் சரக்கே வீணாகக்கூடும். இதனை மனத்திற்கொண்டு, இவ்வினைகளின் வேறுபாட்டைத் தொழிற்சூழல் ஒன்றில் பொருத்தி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. விருத்தாசலமும் சூளையும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் பாடப்பெற்ற தலம். பழமலைநாதர் கோயிலால் அறியப்பட்ட இவ்வூர், பிற்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை வழங்கும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளன. பொம்மைகளும் மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகளும் இங்குச் செய்யப்படுகின்றன.

இத்தொழிலில் கண்ணுக்கு வேலை மிகுதி. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றியபின், அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் உட்சுவரில் மண் படிந்து தடிக்கும். போதிய தடிமன் வந்ததும் மிகுந்த கூழைக் கவிழ்த்து விடவேண்டும். சுடும்போது சூளையின் உள்நிலையைச் சுவரிலுள்ள பார்வைத் துளை வழியே அறியவேண்டும். சுட்டு ஆறியபின் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து விரிசல், ஊசித்துளை, மெருகுப் பூச்சின் குறை ஆகியவை உண்டா என்று சோதிக்கவேண்டும். கண்ணின் பணி இம்மூன்று இடங்களிலும் ஒரே தன்மையது அன்று. அத்தன்மை வேறுபாட்டையே ஆங்கிலம் தனித்தனி வினைகளால் குறிக்கிறது.

சூளைப் பணியில் 'கோன்' எனப்படும் சிறு கூம்பு இக்கட்டுரையின் முதன்மை எடுத்துக்காட்டு. களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்சு முதலியவற்றைக் குறித்த விகிதத்தில் கலந்து செய்யப்படும் இக்கூம்பு, உரிய அளவு வெப்பத்தை ஏற்றதும் மென்மையடைந்து தலைசாயும். பெர்லின் அரச பீங்கான் ஆலையில் பணிபுரிந்த ஹெர்மன் சேகர் 1886-இல் இதனை உருவாக்கினார். அமெரிக்காவின் ஓகையோவில் எட்வர்டு ஆர்ட்டன் 1896-இல் இதன் உற்பத்தியைத் தொடங்கினார். வெப்பமானி அந்தந்த நேரத்து வெப்பநிலையை மட்டுமே காட்டும். கோனோ வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து களிமண்ணின்மீது நிகழ்த்திய மாற்றத்தைக் காட்டும். மின்னணு அளவிகள் வந்தபின்னும் கோன் வழக்கொழியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனிவரும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் இப்பணியை மனத்திற்கொண்டு விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

2. முயற்சி, விளைவு, நீட்சி

புலன்வினைகளைப் பல மொழிகளில் ஒப்பிட்டு ஆராய்ந்த சுவீடன் மொழியியலாளர் ஓகே விபெரி, 1983-இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை மூவகைப்படுத்தினார். ஒருவர் முனைந்து செய்யும் செயல் ஒருவகை. முனையாமலும் ஒருவருக்கு நேரும் அனுபவம் மற்றொரு வகை. புலப்படும் பொருளையே எழுவாயாகக் கொண்டு அதன் தோற்றத்தைச் சொல்வது மூன்றாவது வகை. ஆங்கிலத்தில் 'லுக் அட்' முதல் வகையிலும், 'சீ' இரண்டாம் வகையிலும், 'பானை காய்ந்ததுபோல் தோன்றுகிறது' என்னும் பொருளில் வரும் தனி 'லுக்' மூன்றாம் வகையிலும் அடங்கும்.

இதற்கு முன்னரே, 1957-இல் வெளியான கட்டுரையில் தத்துவவியலாளர் சீனோ வெண்ட்லர், வினைகளைக் காலத்தோடு அவை கொள்ளும் உறவால் நிலை, செயல், நிறைவுச்செயல், எய்தல் என நால்வகைப்படுத்தினார். பார்வை வினையை அதில் தனியே எடுத்து விவாதித்தார். ஓடுவதுபோல் நீண்டு செல்வது ஒன்று. இலக்கை எட்டுவதுபோல் ஒரு கணத்தில் முடிவது மற்றொன்று. காண்பது இவற்றுள் எதனைச் சேர்ந்தது என்பதே அவர் எழுப்பிய சிக்கல்.

இவ்விரு அணுகுமுறைகளையும் இணைத்துக் கற்பித்தலுக்கு ஏற்ற மூன்று வினாக்களாகச் சுருக்கலாம்:

முதலாவது, கண்ணைச் செலுத்தும் முயற்சி சொல்லப்படுகிறதா?
இரண்டாவது, பொருள் புலனுக்கு எட்டியது என்னும் விளைவு சொல்லப்படுகிறதா?
மூன்றாவது, மாற்றத்தை எதிர்நோக்கிய நீட்சி சொல்லப்படுகிறதா?

முயற்சியை 'லுக்' சொல்கிறது. விளைவைச் 'சீ' சொல்கிறது. முயற்சியோடு நீட்சியையும் 'வாட்ச்' சொல்கிறது.

3. 'சீ': விளைவைச் சொல்லும் வினை

'சீ' என்னும் வினையில், பொருள் கண்ணுக்கு எட்டிவிட்டது என்பது அடிப்படை. எட்டாத பொருளை ஒருவர் 'சீ' செய்தார் என்று கூறுவது முரண். இதற்கு மிக நெருங்கிய தமிழ் வினை 'காண்' ஆகும். 'தேடிப் பார்த்தார், ஆனால் காணவில்லை' என்பது இயல்பான தொடர். 'கண்டார், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை' என்பது தன்னைத்தானே மறுக்கும் தொடர். பார்த்தலில் தோல்விக்கு இடமுண்டு; காணலில் அதற்கு இடமில்லை.

சூளைப் பணி இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. சூளையின் வெப்பம் 1200 டிகிரி செல்சியசைக் கடக்கும்போது, உள்ளிருக்கும் கோன், பாண்டம், சுவர் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் ஒளிரும். துளை வழியே பார்ப்பவரின் பார்வை கோனின்மீது நேராகவே விழும். ஆயினும் பின்னணியிலிருந்து அதன் விளிம்பு பிரிந்து தோன்றாது. அங்கு 'லுக்' நிகழ்ந்துவிட்டது, 'சீ' நிகழவில்லை. தமிழில் இந்நிலையைக் 'கோனைப் பார்க்கிறார். ஆனால் தெரியவில்லை' என்று இயல்பாகச் சொல்லலாம். உரிய கறுப்புக் கண்ணாடியை அணிந்தபின் கோனின் வடிவம் பிரிந்து தோன்றும். இப்போது 'சீ' நிகழ்கிறது, கோன் 'தெரிகிறது'.

இவ்விடத்தில் 'தெரி' என்னும் வினை கவனத்திற்குரியது. 'எனக்குக் கோன் தெரிகிறது' என்னும் தொடரில் பார்ப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், கோன் எழுவாயாகிறது. பார்ப்பவர் எதையும் செய்யவில்லை, அவருக்கு ஒன்று நேர்கிறது என்பதைத் தமிழ் தொடரமைப்பாலேயே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் 'கேன் சீ' என்று சொல்லுமிடங்களில் தமிழ் பெரும்பாலும் 'தெரிகிறது' என்றே சொல்லும். ஆகவே 'கேன் சீ' என்பதைப் 'பார்க்க முடியும்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் 'தெரிகிறது' எனப் பெயர்ப்பதே பல இடங்களில் பொருத்தமாகும்.

'ஐ சீ' என்னும் ஆங்கிலத் தொடர் 'புரிந்தது' என்னும் பொருளையும் தரும். தமிழிலும் கண்ணுக்குத் தெரிதலும் அறிவுக்குத் தெரிதலும் ஒரே வினையில் அமைந்துள்ளன. ஆனால் தமிழ் அவற்றைக் கால வடிவத்தால் பெரிதும் பிரிக்கிறது. 'கோன் தெரிகிறது' என்பது கண்ணின் செய்தி. 'கோன் வேலை தெரியும்' என்பது அறிவின் செய்தி.

'சீ' விளைவைக் குறிப்பதால், கண்ணால் காணுதல் என்னும் பொருளில் அது பொதுவாகத் தொடர்நிகழ்கால வடிவத்தை ஏற்பதில்லை. தமிழில் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பது இயல்பாக இருப்பதால், அதனை அப்படியே 'ஐ ஆம் சீயிங்' என ஆக்கும் பிழை நம் மாணவரிடம் தோன்றுகிறது. தமிழ்த்தொடரில் உள்ள 'கொண்டிரு' நீட்சியைக் காட்டுவதால், அதற்கு ஆங்கிலத்தில் 'வாட்சிங்' அல்லது 'லுக்கிங் அட்' என்பதே பொருந்தும்.

காண் என்னும் வினையின் வழக்கெல்லை குறித்தும் இங்குச் சுட்டவேண்டும். தமிழகப் பேச்சில் அது பெரும்பாலும் 'சாவியைக் காணோம்' போன்ற எதிர்மறை வடிவங்களில் ஒதுங்கிவிட்டது. உடன்பாட்டில் அதன் இடத்தைப் 'பார்' பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத் தமிழில் 'கண்டனான்' என உடன்பாட்டிலும் அது இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது. மலையாளத்திலும் காணுதலும் நோக்குதலும் அன்றாடப் பேச்சிலேயே பிரிந்து நிற்கின்றன. எனவே ஆங்கிலத்தின் 'சீ', 'லுக்' வேறுபாடு தமிழ் மாணவர்க்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் தமிழில் அவ்வேறுபாடு இல்லாமை அன்று. தமிழகப் பேச்சுவழக்கில் 'பார்' பரவியமையே எனலாம்.

4. 'லுக்': திசையைச் சொல்லும் வினை

'லுக்' கண்ணைச் செலுத்துவதைச் சொல்கிறது; கண்ட பொருளைப் பற்றி எவ்வுறுதியும் தருவதில்லை. இதனாலேயே இவ்வினை நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்காமல் திசைகாட்டும் முன்னிடைச்சொல்லை வேண்டுகிறது. 'லுக் அட்' என்றால் ஒன்றை நோக்கிக் கண்ணைத் திருப்புதல். 'லுக் ஃபார்' என்றால் தேடுதல். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்ளுதல். 'லுக் இன்டு' என்றால் ஆராய்தல். தமிழில் வேற்றுமை உருபோ துணைவினையோ வேறொரு வினையோ செய்யும் பணியை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்கிறது.

தமிழில் இதற்கு அமைப்பால் மிக நெருங்கியது 'நோக்கு'. 'வடக்கு நோக்கிய வாசல்' என்னும்போது வாசலுக்குக் கண் இல்லை. திசை மட்டுமே உண்டு. 'குறிக்கோளை நோக்கி', 'ஊரை நோக்கி' ஆகிய வழக்குகளில் 'நோக்கி' என்பது ஏறக்குறையத் திசை உருபாகவே ஆகிவிட்டது. வாசல் ஒரு திசையைப் பார்த்திருப்பதை ஆங்கிலமும் 'லுக்' என்னும் வினையால் கூறுவது இங்கு ஒப்பிடத்தக்கது.

நோக்குதலின் பொருள் வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கருதியுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் நோக்குதல் பற்றித் தனி நூற்பா உள்ளது. கண்ணால் நோக்குவதையும் மனத்தால் நோக்குவதையும் உரையாசிரியர்கள் அங்குப் பிரித்துக் காட்டுகின்றனர். மனத்தால் நோக்கும்போது இரண்டாம் வேற்றுமைப் பொருளோடு ஏதுப்பொருளும் வரும் என்பது அந்நூற்பாவின் கருத்து. மழையை நம்பி வாழ்பவர் மழையை 'நோக்கி' வாழ்கிறார் என்னும்போது அங்குக் கண்ணின் தொழில் இல்லை. மழை அவர் வாழ்வுக்கு ஏதுவாகிறது. பார்வை வினையின் பொருள் மாறும்போது அதன் வேற்றுமையும் மாறும் என்னும் இச்சிந்தனை, 'லுக்' வினையின் முன்னிடைச்சொற்களைப் புரிந்துகொள்ளவும் துணைசெய்யும்.

விபெரி கூறும் மூன்றாம் வகையிலும் 'லுக்' வருகிறது. 'தி பாட் லுக்ஸ் டிரை' என்னும் தொடரில் பானை எதையும் பார்ப்பதில்லை. 'பானை காய்ந்ததுபோல் தெரிகிறது' என்பதே அதன் பொருள். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே ஈரம் இருக்கக்கூடும். ஈரம் மிகுந்த பாண்டத்தைச் சூளையில் வைத்து விரைந்து சூடேற்றினால், உள்ளே உண்டாகும் நீராவி அதனை வெடிக்கச் செய்யும். ஆகவே கையேட்டில் 'லுக்ஸ் டிரை' என்றிருப்பதை 'காய்ந்துள்ளது' என்று பெயர்ப்பது பிழை. 'லுக்ஸ்' என்பது தோற்றத்திற்கு மட்டுமே சான்று.

5. 'வாட்ச்': விழித்திருத்தலைச் சொல்லும் வினை

'வாட்ச்' என்பது தமிழர்க்கு முதலில் கைக்கடிகாரத்தையும், அடுத்து வாட்ச்மேனையும் நினைவூட்டும். வாட்ச்மேன் என்னும் சொல்லே இவ்வினையின் உட்பொருளைத் திறந்து காட்டுகிறது. விழித்திருத்தல் என்னும் பொருளுடைய 'வேக்' என்பதும் 'வாட்ச்' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே வேரின. காவலர் ஒரு பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஏதேனும் நிகழுமோ என விழிப்போடு இருக்கிறார். நிகழ்ச்சியை எதிர்நோக்கிய இவ்விழிப்பே 'வாட்ச்' வினையின் சாரம்.

ஆகவே இவ்வினையின் செயப்படுபொருள், மாறிக்கொண்டிருப்பதாகவோ மாறக்கூடியதாகவோ இருத்தல் வேண்டும். அலமாரியில் அசையாது நிற்கும் பொம்மையை 'லுக் அட்' செய்யலாம். 'வாட்ச்' செய்தல் பொருந்தாது. அது விழப்போகிறது என்னும் ஐயம் எழுந்தால் 'வாட்ச்' பொருந்தும். விளையாட்டுப் போட்டியும் தொலைக்காட்சியும் 'வாட்ச்' வினையைப் பெறுவதற்கு இதுவே காரணம். திரைப்படத்திற்கு இரண்டும் வரும். போய்க் கண்டுவந்த அனுபவத்தை முழுமையாகச் சொல்லும்போது 'சீ', அமர்ந்து பார்க்கும் செயலைச் சொல்லும்போது 'வாட்ச்' என்பது பெரும்பான்மை வழக்கு.

தமிழில் இதற்குத் தனிவினை தேடவேண்டியதில்லை. 'பார்த்துக்கொண்டிரு', 'கவனித்துக்கொண்டிரு', 'கண்காணி' ஆகியன சூழலுக்கேற்ப நிகராகும். 'கண்காணி' என்பதில் அலுவல்முறைப் பொறுப்பின் சாயல் உண்டு. 'பார்த்துக்கொள்' என்பதோ பேணுதலையும் குறிக்கும்.

அச்சில் கூழ் ஊற்றும் பணியை எண்ணிப் பார்க்கலாம். ஊற்றிய கூழின் மட்டம் நீர் உறிஞ்சப்படுவதால் இறங்கும். இறங்கும்போது மேலும் ஊற்றவேண்டும். சுவர் போதிய தடிமன் அடைந்ததும் கவிழ்க்கவேண்டும். இங்குக் கையேடு 'வாட்ச் தி லெவல்' என்னும். அதனை 'மட்டத்தைப் பார்க்கவும்' என்று பெயர்த்தால், பயிற்சியாளர் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். அவர் கட்டளையை மீறவில்லை, கட்டளைதான் குறைபட்டது. 'மட்டம் இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கவும்' என்பதே நிகரான மொழிபெயர்ப்பு.

அவ்வாறே, சூளைத் துளையைக் குறித்து வரும் கட்டளையிலும் எச்சரிக்கை தேவை. கோனை 'வாட்ச்' செய்யவும் என்றால் உரிய இடைவெளிகளில் தவறாது கவனித்து வரவேண்டும் என்பதே பொருள். துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருத்தல் அன்று. வெண்சூட்டை வெறுங்கண்ணால் நெடுங்காலம் பார்த்துவரும் தொழிலாளர்க்கு அகச்சிவப்புக் கதிரால் கண்புரை உண்டாகும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. கண்ணாடி ஊதுவோரிடம் இந்நோய் முன்னரே இனங்காணப்பட்டது. ஒரு வினையின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வது இங்குக் கண்ணின் நலத்தோடும் தொடர்புடையதாகிறது.

6. வளைந்ததும் வளைவதும்

'சீ' வினையின்பின் மற்றொரு வினை வரும்போது ஆங்கிலம் மூன்று அமைப்புகளைத் தருகிறது. முதலாவது 'சா தி கோன் பெண்ட்' என்பது. கோன் வளைந்த நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் இறுதிவரை கண்டதாகப் பொருள். இரண்டாவது 'சா தி கோன் பெண்டிங்' என்பது. கண்ட நேரத்தில் வளைவு நடந்துகொண்டிருந்தது, முடிந்ததா என்பது சொல்லப்படவில்லை. மூன்றாவது 'சா தட் தி கோன் ஹேட் பெண்ட்' என்பது. வளையும்போது கண்டதாகக் கூறாமல், வளைந்துவிட்டதை அறிந்துகொண்டதாக மட்டும் கூறுகிறது.

தமிழில் இவை முறையே 'கோன் வளைந்ததைக் கண்டார்', 'கோன் வளைந்துகொண்டிருப்பதைக் கண்டார்', 'கோன் வளைந்துவிட்டதைக் கண்டறிந்தார்' என அமையும். தமிழின் தொழிற்பெயரும் துணைவினையும் இவ்வேறுபாட்டைக் குறைவின்றித் தாங்குகின்றன. ஆனால் மாணவர் மூன்றையும் 'கோன் வளைந்ததைப் பார்த்தார்' என்று எழுதும்போது வேறுபாடு மறைகிறது.

இவ்வேறுபாடு சூளையில் செயலை மாற்றுவது. கோன் வளைந்துகொண்டிருந்தால் இன்னும் பொறுத்திருக்கவேண்டும். நுனி உரிய நிலைக்கு வந்துவிட்டால் சுடுதலை நிறுத்தவேண்டும். எப்போது வளைந்தது என்று தெரியாமல் முற்றிலும் சாய்ந்துகிடப்பதைக் கண்டால், சரக்கு அளவுக்கு மேல் சுடப்பட்டிருக்கக்கூடும் எனக் கருதவேண்டும். ஒரு பணிநேரம் முடிந்து அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பவர் குறிப்பேட்டில் இம்மூன்றுள் எதனை எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே அடுத்தவரின் முடிவு அமையும்.

7. பார்வையின் விதம்

கண்ணைச் செலுத்தும் விதத்தை ஆங்கிலம் பெரும்பாலும் வினைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. 'கிளான்ஸ்', 'ஸ்டேர்', 'கேஸ்', 'பீப்', 'கிளேர்' ஆகியன தனித்தனி வினைகள். தமிழ் 'பார்' என்பதை நிலையாக வைத்து, விதத்தை வினையெச்சத்தால் சொல்கிறது. கிளான்ஸ் என்பது ஒரு கணம் கண்ணோட்டுதல். ஸ்டேர் என்பது வெறித்துப் பார்த்தல். கேஸ் என்பது ஈடுபாட்டோடு நெடுநேரம் நோக்குதல். பீப் என்பது எட்டிப் பார்த்தல் அல்லது ஒளிந்து பார்த்தல். கிளேர் என்பது முறைத்துப் பார்த்தல். ஏறிட்டுப் பார்த்தல், திரும்பிப் பார்த்தல், அண்ணாந்து பார்த்தல் போன்றவற்றைத் தமிழ் எளிதில் ஆக்கிக்கொள்கிறது. இவற்றுட் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் தனிவினை இல்லை. ஒரு மொழியின் சொற்றொகை பெரிது, மற்றதன் சொற்றொகை சிறிது என இதனைக் கொள்ளலாகாது. செய்தியை ஏற்கும் இடமே வேறு.

தொழிற்கல்வியில் மிகுதியாக வரும் 'அப்சர்வ்', 'இன்ஸ்பெக்ட்', 'நோட்டீஸ்' ஆகியவற்றையும் இங்கு வேறுபடுத்தலாம். அப்சர்வ் என்பது அறியும் நோக்கோடு உற்றுநோக்கிக் குறிப்பெடுத்தல். இன்ஸ்பெக்ட் என்பது வகுத்த அளவுகோலோடு ஒப்பிட்டுக் குறையைத் தேடிச் சோதித்தல். நோட்டீஸ் என்பது தேடாமலே ஒன்று கவனத்தில் படுதல். சுட்ட பொருளை இன்ஸ்பெக்ட் செய்பவர் விரிசலைத் தேடுகிறார். அவ்வழியே நடந்துசெல்பவர் விரிசலை நோட்டீஸ் செய்கிறார். முன்னவர்க்கு அது கடமை, பின்னவர்க்குத் தற்செயல்.

8. கண்ணில்லாத 'பார்'

தமிழில் 'பார்' துணைவினையாகவும் வரும். அப்போது அது கண்ணைவிட்டு விலகி, செய்து அறிதல் என்னும் பொருளைத் தருகிறது. தொட்டுப் பார், முகர்ந்து பார், சுவைத்துப் பார், கேட்டுப் பார் என எல்லாப் புலன்களோடும் அது சேரும். சுட்ட பாண்டத்தைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் மட்பாண்டத் தொழிலில் பழமையானது. நல்ல பாண்டம் கணீரென ஒலிக்கும். விரிசலுள்ளது மழுங்கிய ஒலி தரும். இங்குச் சோதிப்பது காது. ஆனால் வினை 'பார்'.

இத்தொடரை ஆங்கிலமாக்கும்போது 'லுக்' என்றோ 'வாட்ச்' என்றோ எழுதினால் பொருள் சிதையும். 'டேப் இட் அண்ட் சீ' என்பதே பொருந்தும். 'லுக்' கண்ணின் முயற்சியை விட்டு விலகாது; 'வாட்ச்' நிகழ்ச்சியின்மீது கண் வைத்திருப்பது. 'சீ' மட்டுமே விளைவைச் சொல்லும் வினையாதலால், எப்புலன்வழி வந்த அறிவையும் ஏற்கிறது. விளைவு என்னும் கூறு 'சீ' வினைக்கு அடிப்படை என மேலே கூறியதற்கு இது மற்றொரு சான்று. தமிழின் துணைவினைப் 'பார்' ஆங்கிலச் 'சீ' வினையோடு ஒன்றுபடும் இடமும் இதுவே.

விருத்தாசலத்தோடு தொடர்புடைய பழங்கதையும் இதனை விளக்க உதவும். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது சைவ மரபு. எடுத்த பொன், மச்சமாக எடுத்துவைத்த பொன்னின் தரத்தோடு உரைத்துப் பார்க்கப்பட்டது. பொன்னின் நிறம் கண்ணுக்குத் தெரிந்ததுதான். ஆயினும் தரம் அறிவதற்கு உரைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிவதும் சோதித்து அறிவதும் வேறு என்பதை 'உரைத்துப் பார்' என்னும் ஒரு கூட்டுவினை சொல்லிவிடுகிறது.

9. கற்பித்தலும் மொழிபெயர்ப்பும்

மேற்கண்டவற்றிலிருந்து வகுப்பறைக்கு உரிய சில நடைமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, 'சீ, லுக், வாட்ச் – பார்' என்னும் சொற்பட்டியலைக் கைவிட்டு, 'சீ – காண், தெரி', 'லுக் அட் – நோக்கு, பார்', 'வாட்ச் – கவனித்துக்கொண்டிரு' எனத் தொடக்கத்திலேயே பிரித்துக் கற்பித்தல் வேண்டும்.

இரண்டாவது, மாணவர் தம் தமிழ்த்தொடரில் 'பார்' வந்தவுடன் மேற்கூறிய மூன்று வினாக்களையும் கேட்டுக்கொள்ளப் பழகவேண்டும். 'பார்' இருக்கும் இடத்தில் 'காண்' என்று இட்டும் பொருள் கெடாவிடின் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'சீ' வரும். 'கொண்டிரு' சேர்ந்திருந்து, பொருள் மாற்றத்திற்கு உரியதாகவும் இருந்தால் 'வாட்ச்' வரும். இரண்டும் இல்லையேல் 'லுக் அட்' பொருந்துமா என நோக்கவேண்டும்.

மூன்றாவது, தொழிற்கையேடுகளைத் தமிழாக்குவோர் எல்லாக் கட்டளைகளையும் 'பார்க்கவும்' என முடிப்பதைத் தவிர்த்தல் வேண்டும். எவ்வளவு நேரம், எதை எதிர்பார்த்து, எதனோடு ஒப்பிட்டு என்பன மூலத்தில் வினைக்குள்ளேயே அடங்கியிருந்தால், தமிழில் அவற்றை வெளிப்படையாக எழுதவேண்டும். நூல்களில் பக்கத்தைச் சுட்டும் 'சீ' என்பதற்குக் 'காண்க' என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கிவருவதும் இங்கு நினைக்கத்தக்கது. சரியான நிகரன் தமிழில் முன்னரே நிலைபெற்ற இடங்களுள் அஃது ஒன்று.

முடிவுரை

'சீ' விளைவையும், 'லுக்' முயற்சியையும் திசையையும், 'வாட்ச்' மாற்றத்தை எதிர்நோக்கிய விழிப்பையும் குறிக்கின்றன என்பது இக்கட்டுரையில் விளக்கப்பட்டது. இவ்வேறுபாடுகள் தமிழுக்குப் புறம்பானவை அல்ல. காண், தெரி, நோக்கு ஆகிய வினைகளும், கொண்டிரு, விடு, பார் ஆகிய துணைவினைகளும் அவற்றை முழுமையாக உணர்த்தவல்லன. பேச்சில் 'பார்' என்பதன் பரப்பு விரிந்ததால் அவை மறைந்துநிற்கின்றன. ஆகவே ஆங்கிலப் பார்வை வினைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் தமிழை ஒதுக்கிவைக்கவேண்டியதில்லை. தமிழிலேயே உள்ள பிரிவுகளை மீண்டும் நினைவூட்டினால் போதும்.

பீங்கான் பட்டயப் படிப்புக்கு வரும் தமிழ்வழி மாணவர் ஆங்கிலக் கையேட்டின் முன் தயங்கி நிற்கும்போது, அவருக்குத் தேவைப்படுவது நீண்ட சொற்பட்டியல் அன்று. 'பார்த்தேன், ஆனால் தெரியவில்லை' என்று தாம் அன்றாடம் சொல்லும் தொடரிலேயே 'லுக்', 'சீ' ஆகிய இரண்டும் இருப்பதை அவர் அறிந்துகொண்டால், எஞ்சியவை எளிதாகும். கேள்வி, தொடுகை முதலிய பிற புலன்களின் வினைகளையும் இவ்வாறே தொழிற்சூழலில் பொருத்தி ஒப்பிடுவது பயன்தரும்.